கட்டிலுக்கடியில் ஒரு பை

புதுச்சத்திரத்திலிருந்து மெட்ராஸுக்குப் போக எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்சின் பை. அதற்கும் ஜிப் பிய்ந்துபோய்ச் சணல் கயிறு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி, ரெண்டு நாள் ஏற்காட்டுக்குப் போக மூன்று பெட்டி கட்டுகிறவள். எனக்குச் சிரிப்பு வராதா?

நாலு வயது மகளுக்குத் தலைக்குள் கட்டி. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து எடுத்தால்தான் பிழைப்பாள், அதுவும் நிச்சயமில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் நடக்க முடியாது. அவளைத் தூக்குவது வீட்டுக்காரர், பையைத் தூக்குவது நான். அங்கே போய் வந்த பக்கத்து வீட்டுக்காரி முன்னமே சொல்லியிருந்தாள்:

"கட்டலுக்கடியில ஒரு பைதான் புள்ள. ரெண்டாவது வெச்சீன்னா வெளிய வீசிப்போடுவாங்க."

ஸ்டவ், ரெண்டு படி அரிசி, பருப்புப்பொடி, சோறாக்க ஒரு போசி, என் சேலை ரெண்டு, அவர் வேட்டி. மேலே மகளின் பாவாடை மூன்று. அதில் பச்சைப் பாவாடை புதுசு. ராசிபுரத்துக் கடையில் பச்சைதான் வேண்டுமென்று அவள் போட்ட சண்டையில் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படி வாய்!

என் மாமியார் பைக்குள் கையை விட்டு ரெண்டு பாவாடையை வெளியே எடுத்தார்.

"ஒண்ணு போதும் புள்ள."

"ஒரு மாசம் இருக்கோணும்னு சொன்னாங்களே அத்தை."

"ஆஸ்பத்திரியில சோடிச்சுப் பாக்க ஆரு இருக்கறா? இத வெய்யி."

அவர் நீட்டியது ஒரு மஞ்சள் துணி. எங்களில் முதல் முடி குலசாமிக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும். என் அண்ணன் லாரியோடு வடக்கே போகிறவன். எந்தத் திருவிழாவுக்கும் வந்து சேரவில்லை. அதனால் மகளுக்கு முடி இறக்காமல் இடுப்புவரை கிடந்தது. ஆஸ்பத்திரியில் எப்படியும் மழித்துவிடுவார்கள்.

"ஒரு முடி உடாம இதுல முடிஞ்சு கொண்டாந்துரு. கொழந்த வந்தாலும் வராட்டியும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆறு பெற்று ரெண்டே தங்கிய மனுஷி அவர். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் நினைப்பில் இல்லை. மஞ்சள் துணியைப் பிடுங்கி அடுப்படியில் வீசினேன். அரிசியைப் பானையில் திருப்பிக் கொட்டிவிட்டு, மூன்று பாவாடையையும் பைக்குள் திணித்தேன்.

"சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"பட்டினி கெடக்கறனுங்க. எம்புள்ள தெனம் ஒண்ணு மாத்தோணும்."

பட்டினிதான் கிடந்தோம். அடுத்த கட்டில் ஆத்தூர்க்காரம்மா பாதி நாள் ரொட்டி கொடுத்தாள்; புண்ணியவதி, ஆனால் வாய் மூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் முடி எடுக்கிறவர் வந்தார். முதல் கற்றை தரையில் விழுந்தது. சாமிக்கு உரியது ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போகிறதே! கைக்கு வந்த பச்சைப் பாவாடையை விரித்துவிட்டேன்.

"புத்சும்மா இது. முடி ஒட்டினா போவாது" என்றார் அவர்.

"பரவால்லீங்க, இதுலயே போடுங்க."

கத்திக்கு அழாத மகள் இதற்கு அழுதாள். "எம் பாவாட! எம் பாவாட!" வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் கண்வரை இறங்கியிருந்த கட்டுத்துணியை அவிழ்த்தார்கள். கண்ணைத் திறந்தாள். நான் முன்னாலேயே நிற்கிறேன்.

"அம்மா, எங்க ஒளிஞ்சிருக்கற?"

டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வை நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார். வீட்டுக்காரர் வராண்டாவுக்குப் போய்விட்டார். நான் கையைத் தட்டினேன். சத்தம் வந்த பக்கம் திரும்பி, "அங்கியா இருக்கற!" என்று சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பிழைத்து வந்துவிட்டாளே! திரும்பத் திரும்பத் தட்டினேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று நர்ஸம்மா அதட்டினாள்.

வராண்டாவில் அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"ஏனுங்க, புள்ள சிரிக்கறாளுங்க" என்றேன்.

நான் கையைத் தட்டிக்கொண்டே உள்ளே போனேன்.