காத்திருக்கத் தெரியாத ஓர்கன்

எங்கள் கோவிலில் ஓர்கன் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வாசிக்கிறவள் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அப்படி முதுகைக் காட்டியிருக்கிறேன். நத்தார், பெரிய வெள்ளி, கல்யாணம், செத்தவீடு, இவற்றுக்கு நடுவில் ஒன்றுவிடாமல் வந்த ஞாயிறுகள். காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ஓர்கன், மிஷன் காலத்துச் சாமான். முழங்கால் இரண்டையும் அதற்கே கொடுத்தாயிற்று. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. "போதும், எழும்பு" என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

என் கணவர் அந்த முப்பது வருடமும் நான்காவது வாங்குப் பலகையில் தனியே இருந்தார். மற்றப் பெண்கள் புருஷன்மாருக்குப் பக்கத்தில் இருந்து, பிரசங்கத்தில் அவர்கள் தூங்கி விழுந்தால் முழங்கையால் இடிப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், "இண்டைக்கு மூண்டாம் பாட்டு கொஞ்சம் ஓடிட்டுது" என்பார். அது விமர்சனம். "குறையில்லை" என்றால் அது பாராட்டு. அதற்கு மேல் அந்த மனிதரிடம் எதிர்பார்க்க முடியாது. இளம் வயதில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தவர். அது மூடி, நாங்களும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்த பிறகு ரியூசன் கணக்கு வாத்தியார். சொல்லை எண்ணித்தான் செலவழிப்பார்.

கை நடுங்கத் தொடங்கியபோது வயது என்று விட்டுவிட்டோம். பிறகு நடை சுருங்கியது. யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பெரிய டொக்டரிடம் காட்டினேன். நரம்பு வருத்தம் என்றார். இவர் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டொக்டர் என்னிடம் மட்டும் மிச்சத்தையும் சொன்னார். நடுக்கத்துக்கு மருந்து இருக்கிறதாம், ஆனால் மெல்ல மெல்ல ஞாபகமும் போகுமாம்.

"எவ்வளவு காலத்திலை?" என்று கேட்டேன்.

"அது சொல்லேலாதம்மா. ஆளுக்கு ஆள் வித்தியாசம்."

அடுத்த ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பாட்டுப் புத்தகம் தொப்பென்று விழுந்தது. யாருடைய புத்தகம் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. திரும்பவும் முடியாது, மூன்றாம் சரணத்தில் நிற்கிறேன். யாரோ ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்திருப்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

அன்றுதான் முடிவெடுத்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும்போதே, அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு ஆராதனை முழுவதும் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் மகள் தொலைபேசியில் கேட்டாள், "வீட்டிலை பக்கத்திலைதானே அம்மா இருக்கிறீங்கள்?" வீட்டில் நான் சோறு போடுகிறவள், மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள், சாரம் மாற்றி விடுகிறவள். அவருக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"ரீச்சர், நீங்களும் நிண்டிட்டால் சபை என்னெண்டு பாடுறது? ஆரையும் பழக்கி விட்டிட்டு நில்லுங்கோவன்."

பழக்க யார் இருக்கிறார்கள்? வாசிக்கத் தெரிந்த விரல் எல்லாம் விமானம் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரும் பாவம், மூன்று சபைக்கு ஒரு மனிதர், ஒரு மோட்டார் சைக்கிள். "அப்ப பாட்டுகளைப் பதிஞ்சு தாறன், அதைப் போட்டுப் பாடுங்கோ" என்று வாய் சொல்லிவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை அங்கேதான் தொடங்கியது.

மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று அலுமாரியில் கிடந்தது. இசை பதிகிற மென்பொருளுக்கு விலை பார்த்தேன், பார்த்து மூடினேன். மகள்தான் வேறொன்றைச் சொன்னாள். இலவசமாம். இலவசம் என்றால் கள்ளப் பிரதி, கோவில் வேலைக்குக் கள்ளச் சாமானோ என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

"கள்ளம் இல்லையம்மா. எழுதினவையே எல்லாருக்கும் எண்டு திறந்து விட்டிருக்கினம். உள்ளுக்கை என்ன எழுதியிருக்கு எண்டும் பாக்கலாம், விரும்பினால் திருத்தலாம்."

"எனக்கு உள்ளுக்கை பாக்கத் தேவையில்லை. சத்தம் வந்தால் காணும்."

சத்தம்தான் வரவில்லை. நான் படிப்பிக்கிற ஓய்வுநாட் பாடசாலையின் சின்னக் கீபோர்டை வயர் போட்டு மாட்டினேன். கட்டையை அமத்தினால் திரையில் கோடு விழுகிறது, காதில் ஒன்றும் இல்லை. அவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் எனக்கு நேரம். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போகும். கடைசியில், அந்த மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் கேள்வி கேட்கிற பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவன் நாலு வரியில் பதில் எழுதினான். இந்த இடத்தில் இதை மாற்று, பிறகு மூடித் திற. செய்தேன். ஓர்கன் கூவியது. நன்றி எழுதினேன், இதெல்லாம் ஒரு வேலையா என்று எழுதினான். சம்பளம் இல்லாமல் ஊருக்கு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் என்னைப் போலக் களைத்துப்போனவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்குக் களைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. பொறாமையாக இருந்தது.

ஓர்கன் சத்தமும் இன்னொருவர் தந்தது. ஏதோ குளிர் நாட்டில், எங்களுடையதைப் போலவே மிதிக்கிற பழைய ஓர்கன் ஒன்றைக் கட்டை கட்டையாகப் பதிந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறார். மிதிபலகை கிறீச்சிடுவதைக்கூட விடவில்லை. அதைக் கேட்டதும் முழங்கால் வலித்தது.

முதல் பாட்டைப் பதிந்து முடித்தபோது எனக்கே பெருமை. பிழைத்த சுரத்தை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம், தாளம் கோணினால் ஒரு தட்டில் நேராக்கலாம். ஒரு பிசகு இல்லை. அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"நல்லாய் இருக்கு," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உம்மடை மாதிரி இல்லை," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கோவிலில் போட்டுப் பார்த்த அன்று மானம் போயிற்று. கணினி தன்பாட்டில் போகிறது, சபை தன்பாட்டில் போகிறது. இரண்டாம் சரணத்தில் அரை வரி பின்னால், கடைசிச் சரணத்தில் ஒரு முழு வரி பின்னால். கணினி ஆமென் சொல்லி முடித்துவிட்டது, சபை இன்னும் நடுவழியில் நிற்கிறது. நான் ஓடிப்போய் ஓர்கனைத் திறந்து மிச்சத்தை மிதித்து முடித்தேன். ஆராதனை முடிய, இரண்டாவது வாங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி அக்கா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உந்த மெசினுக்குத் தாளம் தெரியாது."

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இழுக்கிறதே இந்த அக்காதான். சபையிலேயே பெரிய குரல் அவருடையது. ஒவ்வொரு இரண்டாம் வரி முடிவிலும் கடைசி எழுத்தைப் பிடித்தால் இலேசில் விடமாட்டார், அவர் விடும்வரை ஒருவரும் அடுத்த வரிக்குப் போகமாட்டார்கள். விட்டபிறகு எல்லாரும் ஆறுதலாக மூச்செடுப்பார்கள். நாலாம் சரணம் வரும்போது மூச்சு இன்னும் நீளும். முப்பது வருடமாக நான் அவர்களுக்காக நின்று நின்று வாசித்திருக்கிறேன், நிற்கிறேன் என்று தெரியாமலே. நான்தான் சபையை நடத்துகிறேன் என்று எண்ணியிருந்தேனே.

ஆகவே கணினிக்கு நிற்கப் பழக்க வேண்டும். அந்த மென்பொருளில் பாட்டுக்கு மேலே வேகத்துக்கென்று ஒரு கோடு ஓடும். எந்த இடத்திலும் அதை இறக்கலாம், ஏற்றலாம். எங்கே எவ்வளவு இறக்குவது என்று தெரிய, சபை பாடுவதைப் பதிந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் கைத்தொலைபேசியைப் பதிவில் போட்டு என் கணவரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நான் போய் ஓர்கனில் இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அக்காவின் இழுவை கேட்டது, என் ஓர்கன் தூரத்தில் கேட்டது. இவருடைய மூச்சுத்தான் எல்லாவற்றையும்விடக் கிட்டக் கேட்டது. இடையில் தொப்பென்று புத்தகம் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர், "விடுங்கோ அண்ணை, நான் எடுக்கிறன்" என்றார். அதற்கு இவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"அவவுக்குக் கேட்டிருக்கும். இப்ப ஒரு கட்டை பிழைச்சு அமத்துவா, பாரும்."

தூரத்தில் ஓர்கன் பிழைத்தது. அவர் மூக்கால் சிரித்தார். காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அடுத்த அறையில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வேலைதான். பாட்டுக்குப் பாட்டு, சரணத்துக்குச் சரணம், கோட்டை இறக்கி ஏற்றி, திரும்பக் கேட்டு, திரும்ப இறக்கி. மரத்துக்கு மரம் தாவுகிறது என் புத்தி, அதைப் பிடித்து ஒரு மூச்சுக்கு முன்னால் இருத்துவது பெரிய பாடு. வெறுத்துப்போய் இரண்டு தரம் மூடி வைத்தேன். ஆனால் நேரம் எனக்காக நிற்கவில்லை. ஒரு காலை அவர் உடுத்திக்கொண்டு வந்து, தொழிற்சாலைக்கு லொறி வந்ததோ என்று கேட்டார். தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம். "இண்டைக்கு லீவு" என்று சொல்லி இருத்தினேன். இன்னொரு நாள் தொலைபேசித் திரையில் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், இவர் என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை ஆர்?" என்று கேட்டார். அவளுக்குக் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த முறை இந்தக் கேள்வி எனக்கு என்றுதான் ஓடியது மனம். அன்று மத்தியானம் மூடி வைத்திருந்ததைத் திறந்தேன்.

ஆராதனை ஒன்றுக்குப் போதுமான பாட்டு முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். பாடகர் குழுவில் இருக்கிற, வங்கியில் வேலை செய்கிற பெண்ணுக்கு எதை எப்போது அமத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். ஓர்கனை மூடி அதற்கு மேலேயே மடிக்கணினியை வைத்தோம். ஞாயிறு காலை அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நான்காவது வாங்கில் அவரை இருத்தி, பக்கத்தில் நானும் இருந்தேன். வாங்கு இவ்வளவு கட்டியென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

முதல் பாட்டு தொடங்கியது. இரண்டாம் வரி முடிவில் அக்கா பிடித்தார். ஓர்கன் நின்றது. அக்கா விட்டார், சபை மூச்செடுத்தது, ஓர்கன் அவர்களோடு சேர்ந்து அடுத்த வரிக்குள் இறங்கியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நான் இல்லை என்பது ஒருவருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. கொஞ்சம் வயிறெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அதுவும் போய்விட்டது. அவருடைய கைமேல் என் கையை வைத்தேன். அது நடுங்கியது, என்னுடையதும் சேர்ந்து நடுங்கியது. இதற்குத்தானே இவ்வளவு பாடும். அப்பாடா என்று இருந்தது.

அவர் பாடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, முன்னால் ஓர்கன் இருக்கும் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து எல்லாரும் இருந்தபிறகு என் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் வந்து இருந்த ஒருவரோடு கதைக்கிற மரியாதையோடு கேட்டார்.

"உங்களுக்குக் கேட்டதோ?"

"ஓம்," என்றேன்.

"என்ரை மனிசிதான் வாசிக்கிறா." முகம் முழுக்கச் சிரிப்பு. "அவவைப் போல நிண்டு வாசிக்க இஞ்சை ஒருத்தருக்கும் ஏலாது."

முப்பது வருடத்தில் எனக்கு அதைச் சொன்னவரல்ல. இஞ்சாருங்கோ, நான்தான், என்னைப் பாருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய சிரிப்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"ஓம். நல்லாத்தான் வாசிக்கிறா."

அடுத்த பாட்டுக்குச் சபை எழும்பியது. அவரும் எழும்பப் பார்த்தார், கால் எழும்பவில்லை. நான் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, விழாமல் பிடித்துக்கொண்டேன்.

"பெரிய உபகாரம், அம்மா," என்றார்.