பூதம் வருமுன் வரும் இசை

முதலில் பாதத்துக்குத்தான் கேட்கும். தீவின் துறைமுக ஊரில், ஜங்லிகாட் சரிவில், அப்பாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் படாக் மரப் பலகைத் தரை, அதன்மேல் வைத்த "வூஃபர்" பெட்டியிலிருந்து ஆர்கனின் அடிச்சுரம் கிளம்பினால், காதுக்கு எட்டும் முன்பே உள்ளங்காலில் குறுகுறுப்பு ஏறும், அலமாரிக் கண்ணாடி முனகும், அடுப்படியில் தம்ளர்கள் கிடுகிடுக்கும், மறுகணமே அம்மா கரண்டியும் கையுமாக "பூகம்ப்! பூகம்ப்!" என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடியிருப்பாள். அவள் ஓடினால் எதிர்வீட்டுப் பெங்காலி மாமி ஓடுவார், அவரைப் பார்த்துத் தையல்கடைக்காரர் ஓடுவார். எல்லாரும் மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது எங்கள் ஜன்னல் வழியாக எலெக்ட்ரிக் கிட்டார் கிழிகிழியென்று கிழிப்பது கேட்கும். பிறகு என் முதுகுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பூமி அப்போதும் ஓயாமல் சின்னச் சின்னதாக உதறிக்கொண்டிருந்தது. எவனாவது ஸ்கூட்டரில் போகிற போக்கில் "பானி ஆ ரஹா ஹை", தண்ணீர் வருகிறது என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பஜார் முழுக்கக் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடும். யாரும் கதவைத் தாழ் போட்டுத் தூங்கவில்லை, யாரும் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாக விழுங்கவில்லை. "குந்துன எடத்துல குந்த வுடுதா இந்தப் பூமி" என்பாள் அம்மா. ஊரில் எல்லாருடைய காலும் எப்போதும் பாதி ஓட்டத்திலேயே இருந்தது, என்னுடையதும் அப்படித்தான், அதனால்தானோ என்னவோ அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்த சிடி அது. திரும்பக் கேட்டு யாரும் வராததால் எனக்கே ஆயிற்று. விடியவே விடியாத ஓர் ஊர், இடிந்த கோட்டை, வண்ணக் கண்ணாடி வைத்த தேவாலயங்கள், கையில் வாளோடு தனியாக உள்ளே நுழையும் கறுப்பு அங்கிப் பெண். படம் சுமார்தான். ஆனால் அந்த இசை இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, அப்படியொன்றை அதுவரை நான் கேட்டதில்லை. வயலின்கள் கூட்டமாக எழும்பும், எந்த மொழி என்றே தெரியாத பாட்டுக்குரல்கள் நூறு பேராக வந்து சேரும், ஆர்கன் முழங்கும், அந்த ஒலியின் பிரம்மாண்டத்தில் நம் வீட்டு நாலு சுவரும் கழன்று விழுந்தது போலிருக்கும். இனி நிற்கவே முடியாது என்கிற நேரத்தில் டிரம்ஸ் இறங்கிக் கிட்டார் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஆர்கன் என்னை நீ எவ்வளவு சின்னவள் பார் என்று மிரட்டும், கிட்டார் சின்னவளாக இருந்தால் என்ன, ஓடிப்போய் அடி என்று பிடித்துத் தள்ளும். இரண்டும் ஒன்றாகக் கேட்டபோது பயமும் துணிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "ஒண்ணு சர்ச்சா இருக்கணும், இல்ல சண்டையா இருக்கணும், இது என்னாடி ரெண்டையும் போட்டுக் கொழப்புது!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ராசு மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. அம்மாவின் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டது. அவர்கள் பேச்சில், முடியாது என்பதற்கு "ஏலாது" என்ற சிலோன் சொல் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. அலை மாமாவின் காலை முறித்திருந்தது. அவர்களில் கடைக்குட்டியான குமாரு மாமாவை அது திருப்பித் தரவேயில்லை. நிவாரணக் கப்பலில் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த ராசு மாமாவுக்குக் கால் கூடிவிட்டது, ஆனால் ஊர் திரும்பத்தான் முடியவில்லை. மாசமாக இருந்த அவர் மனைவி லெச்சுமி அத்தை, கச்சாலின் உள்காட்டுத் தோட்டத்தில் தன் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டார். மாமா பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போவார், சாயங்காலம் அதே பையோடு திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றுவார். இப்படிப் பல தடவை. அப்பா "வா மாப்ளே, டீ குடி" என்பதோடு சரி. அம்மாதான் உள்ளே போய் அழுவாள்.

கச்சாலில் அப்போது வேலை செய்த ஒரே போனுக்கு வரிசையில் நின்று அத்தை எங்கள் கடைக்குப் பேசுவார். ஒரு நாள் அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "மதினி, பிள்ள பொறக்க முந்தி வரச் சொல்லுங்க. அதுக்குள்ள வராட்டி அப்புறம் வரவே வேணாம்னு சொல்லிப்புடுங்க." விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அத்தை. மழை தொடங்கிவிட்டால் கடல் வேறு முரண்டும்.

மாமாவோ நாள் முழுக்கக் கூண்டுப் புலியாக ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் என் பின்னால் வந்து நின்றவர், திரையில் ஒன்றுமே நடக்காதபோது, "பாப்பா, வருது" என்றார். என்ன வருது என்று நான் திரும்புவதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து ஓநாய்த்தலைப் பூதம் ஒன்று பாய்ந்து என் கறுப்பு அங்கிக்காரியைக் கொன்றது. "எப்படித் தெரிஞ்சுது மாமா?" என்றேன். "பாட்டு மாறிச்சில்ல" என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல. அதுவரை எனக்குத் தெரியவில்லைதான்! பூதம் வருமுன் எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும், ஒற்றை வயலின் மட்டும் ஊசி நூலாக இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த நொடியில் நகர்ந்தால் பிழைக்கலாம்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். வாளை எந்தப் பொத்தானில் வீசுவது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன், மனிதருக்கு அது மட்டும் வரவேயில்லை, சுவரை வெட்டுவார், விளக்கை வெட்டுவார். "இது நமக்கு ஏலாது" என்று எழுந்து, கீபோர்டை என்னிடம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் கை, அவர் காது. "வருது, வருது, ஓடு புள்ள" என்று அவர் சொல்வதற்கும் வயலின் இழுப்பதற்கும் இடையில் ஒரு மூச்சு கூட இருக்காது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காராத மனிதர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, தம்ளர்கள் கிடுகிடுத்தும் ஓடாமல், அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பாப்பா, இந்தப் பாட்ட யாரு போடுறா?" விளையாட்டைச் செய்தவர்கள் என்றேன். "நல்ல மனுசங்க" என்றார். பிறகு, "அன்னைக்கி ஒரு சத்தமும் இல்ல. கடலு உள்ள போச்சி. மீனு துள்ளுது, குமாரு பெறக்க ஓடுறான், நான் சிரிச்சிக்கிட்டு நிக்கிறேன். இப்பிடி ஒருத்தன் வயலினு வாசிச்சிருந்தா போதுமே, பாப்பா, போயி அவனத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே!" என்றார். சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. திரையில் அந்தப் பெண் யாரும் அசைக்காமல் நின்றுகொண்டிருந்தாள், ஆர்கன் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது.

மழைக்கு முந்தின கடைசிக் கப்பலாக இருக்கலாம் என்று அப்பா டிக்கெட் வாங்கி வந்தார். என்னால் ஆனதை நானும் செய்தேன். கடையில் கிடந்த பழைய "எம்பி3"யில் கிட்டார் கிளம்பும் பாட்டுகளாகப் பொறுக்கி ஏற்றினேன். அதைக் கேட்டால் யார்தான் ஓடமாட்டார்கள், மாமா கப்பலுக்குள் ஓடிவிடுவார் என்பது என் கணக்கு. ஜெட்டியில் நானே அவர் காதுகளில் மாட்டிவிட்டேன். கப்பல் ஏணியில் பாதிவரை விறுவிறுவென்று போனார். அங்கே நின்றார். பின்னால் நின்ற மூட்டைக்காரர்கள் "சலோ பாய், ஆகே படோ", முன்னே நகரு என்று கூச்சல் போட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி இறங்கினார். "போச்சி, திரும்பிட்டான்" என்று அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மாமா நேரே என்னிடம் வந்தார். காதிலிருந்து அதைக் கழற்றி என் கையில் வைத்து மூடினார். முகம் வேர்த்து ஒழுகிற்று. "இதப் போட்டா கடல் சத்தம் கேக்க மாட்டேங்குது பாப்பா. அங்க யாரும் பாட்டுப் போட மாட்டாங்க. எனக்குக் கேக்கணும்" என்றார். ஏணியின் கைப்பிடியை இறுகப் பிடித்து ஏறிப்போனார். கப்பல் மறையும்வரை அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

மழைக்கு நடுவில் பெண்குழந்தை பிறந்ததாகப் போன் வந்தது.

இப்போது அந்தப் பலகைத் தரை இல்லை, அப்பா இடித்துக் கான்கிரீட் போட்டுவிட்டார், என்ன முழங்கினாலும் பாதத்துக்குக் கேட்காது. சிடி போடும் பெட்டியே கம்ப்யூட்டரில் இல்லாமல் போயிற்று. அதே மாதிரி இசையைப் பெரிய பெரிய அரங்குகளில் கோட் போட்டவர்கள் வாசிப்பதைப் போனில் பார்க்கிறேன். அற்புதமாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனாலும் பக்கத்தில் "வருது" என்று சொல்ல ஆளில்லாமல் எனக்கு அது முழுசாக ஏறுவதில்லை. மாமாவின் மகள் இங்கே எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவளும் கோட்டையும் பூதமுமாக ஏதோ விளையாடுகிறாள், இரண்டு காதையும் அடைக்கிற பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு. இடி விழுந்தாலும் கேட்காது, எங்களுக்கிருந்த பயம் அவளிடம் மருந்துக்குக் கூட இல்லை.

போன மாதம் மாமா வந்திருந்தபோது, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய அம்மா, "அவ காதுல இருக்கறத மொதல்ல புடுங்குடா, நாளைக்கி ஒண்ணுன்னா அவளுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று சத்தம் போட்டாள். மாமா மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வுடுக்கா, அவ பாட்டுக் கேக்கட்டும்" என்றார். "நான் முழிச்சித்தானே இருக்கேன்."