லா சப்பலில் வாங்கிய பச்சைக்கல்

வெள்ளி, காலை ஒன்பது மணி. லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினேன். ஐஃபல் கோபுரத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் வேறு யாருடைய கட்டுரையையாவது படிக்கலாம். நான் பாரிஸுக்குப் போனது ஒரு மரகதம் வாங்க.

என் தம்பி இலங்கையில் பதினொரு மாதமாகத் தடுப்பு முகாமில் இருக்கிறான். ஏன் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்குப் புதன் கெட்டுவிட்டது, தாய் அவன் பேரில் பச்சைக்கல் மோதிரம் போட்டால் வெளியே வருவான் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியார் சொல்லிவிட்டார். 'கீறலோ புள்ளியோ இருந்தால் பிள்ளைக்கு ஆகாது, சுத்தமான கல்லாகப் பார்' என்று அம்மா எழுதினார். கல் முகாமின் கதவைத் திறக்கும் என்று நான் நம்பவில்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான்.

லண்டன் கடைகளில் விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். பாரிஸில் எங்கள் ஆட்களிடம் மலிவு என்றார்கள். மூன்று நாள் விசா கிடைத்தது. டோவரிலிருந்து பிரெஞ்சுக் கரையில் உள்ள கலே வரை கப்பல். அங்கிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் ரயில். மாலை ஆறரைக்குப் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். மழை. நண்பன் சிவம் புறநகரான திரான்சியில் உள்ள தன் அறைக்குக் கூட்டிப்போனான். அந்த அறையில் ஏற்கெனவே ஐந்து பேர்.

சனி, காலை எட்டு மணி. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் லூர்துநாதன் என்ற புதுச்சேரிக்காரர் இருந்தார். நகைப் பட்டறையில் முப்பது வருடம் கல் பதித்து ஓய்வு பெற்றவர், தெரிந்தவர்களுக்குக் கல் விற்பார், யாரையும் ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'மிசியே' என்பார். சிவம் என்னை அவரிடம் கூட்டிப்போனான். அவர் மடித்த காகிதத்திலிருந்து ஒரு மரகதத்தை எடுத்தார்.

"லைட்டுல பாக்காதீங்க மிசியே. லைட்டுல எல்லாப் பச்சையும் அழகுதான். ஜன்னலுக்கு வாங்க."

நிறம் நன்றாக இருந்தது. கறுக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. ஆனால் உள்ளே பாசி படர்ந்ததுபோல் கீற்றுகள். வெறும் கண்ணுக்கே தெரிந்தன.

"உள்ளுக்கை முழுக்கக் கீறலாக் கிடக்கு," என்றேன்.

"இருக்கும். மண்ணுலேர்ந்து வந்த மரகதம்னா இருக்கும். பிரெஞ்சுக்காரன் அதுக்குத் தோட்டம்னு பேர் வச்சிருக்கான். கீறல் மேல வரைக்கும் வந்திருக்கா, நகத்துல தட்டுதான்னு மட்டும் பாருங்க. இதுல தட்டாது."

"தோட்டம் வாங்க நான் வரேல்லை. பழுதை என்ர தலையிலை கட்டப் பாக்கிறியள்."

அவர் கோபிக்கவில்லை. காகிதத்தை மடித்தார். "நாலாயிரம் பிராங்குக்கு இது நல்ல கல்லு. அந்த விலைக்குச் சுத்தமா ஒண்ணு கெடைச்சா எங்கிட்டயும் காட்டுங்க."

படியிறங்கும்போதே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

"மெதுவாத் திட்டடா," என்றான் சிவம். "அந்தாளுக்கும் தமிழ் விளங்கும்."

பதினொரு மணி. பாரிஸின் லா சப்பல் பகுதியில் மெத்ரோ ரயில் தலைக்கு மேல் இரும்புத் தூண்களில் ஓடுகிறது. கீழே எங்கள் ஆட்களின் கடைகள் சில. ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் குகன் என்பவர் சங்கிலியும் கல்லும் விற்றார். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். தேத்தண்ணீர் தந்தார்.

"அம்மாவுக்கோ? அப்ப பழுது இருக்கப்படாது, அண்ணை."

குழல் விளக்கின் கீழே ஒரு கல்லை வைத்தார். தண்ணீர்போல் தெளிவு. ஒரு புள்ளி இல்லை. மூவாயிரத்து இருநூறு பிராங்க். ரசீது கேட்டேன்.

"எங்களுக்குள்ளை என்ன அண்ணை துண்டு?"

கேட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. பணத்தைக் கொடுத்துக் கல்லை வாங்கிக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்குப் போய் அம்மாவுக்குத் தந்தி அடித்தேன்: சுத்தமான கல் கிடைத்தது.

மாலை ஐந்து மணி. லூர்துநாதனின் முகத்தில் கரி பூசவே மூன்று மாடி ஏறினேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் தந்தார்.

"நீங்களே பாருங்க."

உள்ளே உருண்டை உருண்டையாகச் சிறு குமிழிகள்.

"கண்ணாடி மிசியே. உருக்கி ஊத்துறப்ப காத்து மாட்டிக்கும்."

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

ஞாயிறு, காலை பத்து மணி. குகன் தலை நிமிரவில்லை.

"மண்ணுக்குள்ளையிருந்து வந்தது எண்டு நான் சொன்னனானோ? பழுதில்லாத கல்லுக் கேட்டியள், தந்தன்."

கத்தினேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாதேங்கோ. பொலிஸ் வந்தா முதல்லை உங்கட பேப்பரைத்தான் பாப்பாங்கள்."

வெளியே வந்துவிட்டேன். கையில் எண்ணூறு பிராங்க் இருந்தது. பகல் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

மரகதம் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லென்ஸ் கொண்டுபோங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத கல்லை மலிவாகத் தந்தால் ஓடிவிடுங்கள். ரசீது கேளுங்கள், எங்கள் ஆள் என்றால் இரண்டு தடவை கேளுங்கள். லண்டன் வெள்ளைக்காரன் கேட்காமலே ரசீது தந்திருப்பான். அவன் சொன்ன விலைக்குப் பயந்து கடல் கடந்து போன மடையன் நான்.

கப்பலில் அந்தக் கண்ணாடியைத் தண்ணீரில் எறியக் கையை ஓங்கினேன். தந்தி இந்நேரம் போயிருக்கும் என்ற நினைவு வந்தது. கையை இறக்கினேன். அதைத் தங்கத்தில் கட்டுவித்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். இந்தப் பத்திரிகை அங்கே போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அம்மாவின் கடிதம் வந்தது. தம்பி இன்னும் வரவில்லை. 'கல்லில் ஒரு புள்ளி இல்லை, எல்லாருக்கும் காட்டினேன். நான் பிடிக்கிற விரதத்தில்தான் ஏதோ பிழை விடுகிறேன் போலிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். இப்போது புதன்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம்.