முல்லரின் தலைக்கவசமும் என் அப்பாவின் பெயரும்

உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்காக, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரின் யன்னல்களெல்லாம் கொடி கட்டியிருந்த கோடையில், மேல்மாடி முல்லர் ஒரு துணிப்பையோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். பைக்குள் துருப்பிடித்த இரும்புத் தலைக்கவசம். பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். யுத்தகால யப்பானியப் படையினுடையதாம். உள்விளிம்பில் மையால் இரண்டு எழுத்துகள். "வாசியுங்கோ, நீங்கள் ஆசியாக்காரர்தானே" என்றார். இருபது வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். இந்த மனிதருக்கு ஆசியா முழுவதும் ஒரே வீடு! என் மனைவி குசினிக்குள் இருந்து சிரித்தாள்: "வாசியுங்கோவனப்பா. மகன்ர பள்ளிக்கூடக் கடிதமே உங்களுக்கு விளங்கிறேல்லை."

முல்லர் சிரிக்கிற நிலையில் இல்லை. கவசத்துக்கு உரியவனின் வீட்டைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய அப்பா ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போனவர். திரும்பவில்லை, கல்லறையும் இல்லை. "நான் இதைக் குடுத்தால், ரஷ்யாவிலை ஆரேனும் அப்பாவின்ரையைக் கொண்டுவந்து தருவினம்" என்றார். எங்களூரில் இதற்குப் பெயர் நேர்த்திக்கடன். இங்கே இதற்கும் ஓர் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், இருந்திருந்தால் மனிதர் எப்போதோ நிரப்பி அனுப்பியிருப்பார்.

சனிக்கிழமை இருவரும் ரயிலேறி, யப்பானியர் நிறைய வாழும் டுசல்டோர்ஃபுக்குப் போனோம். புத்தகக்கடை யப்பானியப் பெண் ஒரு பார்வையில் வாசித்துவிட்டார்.

"தனாகா. குடும்பப் பெயர் மட்டுந்தான்."

"அவரின்ரை சொந்தப் பெயர்?" என்றார் முல்லர்.

"எழுதேல்லை. இதை வைச்சுத் தேட ஏலாது. அங்கை தனாகா எண்டால் இங்கை முல்லர் மாதிரி, தெருவுக்குத் தெரு இருக்கினம்."

பாவம், முன்னால் நிற்பவரின் பெயரே முல்லர் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. திரும்பும் வழியெல்லாம் முல்லர் கவசத்தை மடியில் வைத்திருந்தார். ஹம் நெருங்கும்போது, "அப்பாவின்ரை கவசத்திலையும் முல்லர் எண்டுதான் எழுதியிருக்கும்" என்றார். அவர் தோளில் கை வைத்தேன். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்குமோ தெரியாது. கம்பி ஆலையில் நான் போடும் மஞ்சள் கவசத்தின் முன்பக்கம் 'சின்னத்துரை' என்றிருக்கிறது. அது நானல்ல, என் அப்பா. வந்த புதிதில் அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது அப்படியொன்று? அப்பாவின் பெயரை எழுதிக்கொடுத்தேன். அன்றுமுதல் தபால்பெட்டியிலும் சம்பளச் சீட்டிலும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் அவர் செத்தபோது கொள்ளி வைக்க நான் போகவில்லை. என் அகதிப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அச்சடித்திருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன். வாசலில் எங்கள் பகுதித் தலைவர் "காலை வணக்கம், சின்னத்துரை" என்றார். அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழவேண்டும் போலிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

டுசல்டோர்ஃப் போய்வந்த திங்கட்கிழமை, கறுப்புப் பேனையால் என் மஞ்சள் கவசத்தின் உட்பக்கம் தமிழில் 'ரவீந்திரன்' என்று எழுதினேன். அதே பகுதித் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன எழுத்து?"

"என்ரை பெயர்."

"அப்ப வெளியிலை இருக்கிறது ஆர்?"

"என்ரை அப்பா."

"அவரும் இங்கையோ வேலை செய்யிறார்?"

"ஓம்" என்றேன். "இருபது வருசமா. ஒருநாளும் லீவு எடுக்கேல்லை."