வாதோ மாத்தா பெர் இல் கால்ச்சோ

பத்து வயதில் எனக்கு இத்தாலிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும். அம்மாவின் தம்பி கற்றுக்கொடுத்தது. அந்த மாமா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சுற்றுப்பயணிகளை வேனில் ஏற்றிவருவார். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் அவர் மொழியில் ஒரு வரி பேசி அசத்திவிடுவார். ‘எனக்குக் கால்பந்து என்றால் பைத்தியம்’ என்பதை எப்படிச் சொல்வது என்று நான் நச்சரித்ததில், கைப்பேசியில் தேடிச் சொன்னார்: “வாதோ மாத்தா பெர் இல் கால்ச்சோ.”

‘கால்’ இருந்ததால் கடைசிச் சொல் சுலபமாக ஒட்டிக்கொண்டது. ‘மாத்தா’தான் வம்பு. எங்கள் ஊர்ப் பேச்சில் அது போலீஸ்காரர். நான் குளியலறையில் கத்திப் பழகியபோது அம்மா பதறி ஓடிவந்து, “எந்த மாத்தாடி வந்திருக்கான்? உங்கண்ணன் என்ன செஞ்சு தொலைச்சான்?” என்றாள்.

அண்ணன் செய்த குற்றம் வேறு. லயன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த திடலில் அவனும் கூட்டாளிகளும் ஆடும்போது என்னைச் சேர்க்கவே மாட்டான். சரிவில் உருண்டோடும் பந்தை எடுத்துவருவதுதான் எனக்கு அவன் கொடுத்த உத்தியோகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வேன் திடலருகே டயர் வெடித்து நின்றது. இத்தாலியர்கள் நாலைந்து பேர் இறங்கி, குளிரில் கைகளைத் தேய்த்தபடி ஆட்டத்தைப் பார்த்தார்கள். நான் போய் அவர்கள் முன் நின்று, மூச்சுவிடாமல் என் வாக்கியத்தை ஒப்பித்தேன்.

நரைத்த முடியைக் குதிரைவாலாகக் கட்டியிருந்த ஓர் அம்மையார் “அங்க்கீயோ!” என்று கூவி, ஜாக்கெட்டைக் கழற்றி மாமாவின் தலைமேல் எறிந்தார்.

“அவங்களுக்கும் பைத்தியமாம்லா,” என்றார் மாமா, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து.

உடனே போட்டி. எங்கள் பையன்கள் ஒரு பக்கம், இத்தாலி ஒரு பக்கம். இத்தாலிக்கு ஆள் குறைந்தது. நான் இத்தாலியானேன்.

“மாமா, அது என் தங்கச்சி! அவ எப்படி அவங்க பக்கம்?” என்றான் அண்ணன்.

“நீ என்னைக்காச்சும் சேத்துக்கிட்டியாடா?” என்றார் மாமா.

இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு கோல். டயர் மாற்றியாகிவிட்டது. அடுத்த கோல் போடுபவர்களுக்கே வெற்றி என்று பேசிக்கொண்டோம். பந்து வெளியே போனாலும், யார் திருப்பியடித்தாலும் ஆட்டம் நிற்காது. அது எங்கள் திடலின் சட்டம். அப்போதும் பந்து ஓரத்துக்கு ஓடியது. தானா ராத்தா டவுனிலிருந்து காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த அம்மா, பையைக் கீழே வைத்தாள். செருப்பை உதறினாள். பந்தைக் காலால் நிறுத்தித் தட்டினாள். அது நேராக என் காலுக்கு வந்தது. ஓங்கி ஓர் உதை! கோலில் நின்ற அண்ணன் இடப்பக்கம் பாய்ந்தான், பந்து வலப்பக்கம் போனது.

குதிரைவால் அம்மையார் என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினார். “பிராவா! பிராவா!” இத்தாலி முழுக்கக் கத்தியது. தோற்ற பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். அண்ணன்கூட.

இவளுக்கு யார் விளையாடக் கற்றுக்கொடுத்தது என்று அம்மையார் மாமாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார்.

“நான்தான்னு சொல்லு,” என்றாள் அம்மா.

ஒரு நாளும் எனக்கு அவள் எதையும் கற்றுத்தந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் முன்னால் இப்படியா புளுகுவது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் தன் அக்காவைக் கிண்டல் செய்யும் மாமா, அன்று சிரிக்காமல் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னதையும், அந்தப் பந்து ஏன் அத்தனை நேராக என் காலுக்கு வந்தது என்பதையும், தோளில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்த நான் யோசிக்கவே இல்லை.