கப்பும் கோப்பையும்

இரண்டு வருடமாகியும் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் அந்த இறுதியாட்டத்தை இன்னும் விளையாடி முடிக்கவில்லை. கல்லூரி என்றால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடம். ஒஸ்லோவில் ஊர்க் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம், சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி, கோடையில் எல்லோருக்குமாக ஒரு சுற்றுப்போட்டி. அந்த வருடம் இறுதியாட்டத்தில் நாங்கள் தோற்றோம். தோற்றதற்குக் காரணம் மத்தியஸ்தர் என்பது எங்கள் ஆட்களின் முடிவு. மத்தியஸ்தர் என் மகள்.

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, சனி ஞாயிறுகளில் லில்லெஸ்ட்ரோம் வரை தனியாகப் போய் ஆட்டங்களை நடத்திவிட்டு வருபவள். வழக்கமாக வரும் நோர்வேக்காரர் வரமுடியாமல் போனதால் ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் என்னைப் பிடித்தார். "வீட்டிலை டொம்மரை வைச்சுக்கொண்டு நீங்கள் பேசாமல் இருக்கிறியள், அண்ணை" என்றார். டொம்மர் என்றால் இங்கே மத்தியஸ்தர். எதிரணியினர்தான் முதலில் முறைப்பட்டார்கள். தகப்பன்ர கொலிஜுக்குத்தான் பிள்ளை ஊதுவா என்றார்கள். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இரு பக்கமும் சமம். எங்கள் அணித்தலைவர் கோலுக்கு முன்னால் விழுந்து பெனால்ட்டி கேட்டார். மகள் கையை விரித்து, எழும்பி விளையாடுங்கோ என்று காட்டினாள். அவர் எழும்பினார், ஆனால் விளையாடவில்லை. அவளுக்குப் பின்னால் போய் ஏதோ சொன்னார். அவள் நின்றாள், விசிலை ஊதினாள், சிவப்பு அட்டையைத் தூக்கினாள்.

அவர் எங்களுக்கு அந்நியர் இல்லை. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் எங்களுடன் விடியத் தொடங்கிப் பந்தல் கட்டியவர். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாமாவுக்கே சிவப்பு அட்டையா என்று எங்கள் பக்கம் கத்தியது. பிறகு பத்துப் பேருடன் விளையாடி, ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

'வீட்டை போய்க் கோப்பை கழுவு' என்று அவர் சொன்னதாக அவள் அறிக்கையில் எழுதினாள்.

ஊர்ப் பேச்சில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு; அதைக் கழுவுதல் என்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு முழுக் கதை. வந்த புதிதில் நான் கழுவினேன், அணித்தலைவர் கழுவினார், செயலாளர் கழுவினார். உணவகச் சமையலறையின் நீராவிக்குள் நின்றுதான் எல்லோரும் வீடு வாங்கினோம், கடனை அடைத்தோம். அதை நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். ஒரு பெண்பிள்ளைக்கு, அவள் செய்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் சொன்னால் அதன் பொருள் வேறு. அது அவருக்கும் தெரியும்.

ஆகவே அவர் மறுத்தார். தான் சொன்னது வெற்றிக் கோப்பையை என்றார். 'கோப்பையைக் கழுவி அவங்களிட்டையே குடு' என்றுதானாம் சொன்னார். கோபத்தில் வந்த பகிடியாம். கடைசியில் ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொண்டார்: "பிள்ளை இஞ்சை பிறந்தது. தமிழ் விளங்கேல்லை, பாவம்."

அந்தப் 'பாவம்' பரவிய வேகத்தில் வேறெதுவும் பரவவில்லை. குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனால் யாராவது தோளில் தட்டி, "பரவாயில்லை அண்ணை, எங்கட பிள்ளையளும் உப்பிடித்தான்" என்பார்கள். சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் பனியில் சறுக்கப் போகும்போது, அழுகிற பிள்ளையைக் காரில் ஏற்றித் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோன தகப்பன் நான். அவள் எனக்குத் தமிழில் ஏசியிருக்கிறாள். நன்றாகவே ஏசுவாள்.

அன்று ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு தண்ணீர்ப் போத்தல் அவள் தோளில் பட்டுத் தெறித்தது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் பையை வாங்கப் பார்த்தேன், தரவில்லை. கார் நிற்கும் இடம்வரை பத்துப் பன்னிரண்டு பேர் சத்தம் போட்டபடி பின்னால் வந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். என் கால் தானாக விரைந்தது.

"அப்பா, ஓடாதேங்கோ. நடவுங்கோ" என்றாள்.

நடந்தேன். ஆனால் அந்த நடை இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆண்கள் கூட்டமாகக் குரல் உயர்த்தினால் இப்போதும் நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். அவள் ஆட்டம் நடத்தப் போகும் நாட்களில், முடிந்துவிட்டது என்று செய்தி வரும்வரை நான் எதையும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். சாப்பாடு முடிந்ததும் எங்கள் கல்லூரிக்காரர் வழக்கம்போல ஒரு மேசையில் கூடினார்கள். ஒருவர் கைபேசியை எடுத்து அந்தக் காணொளியை ஓடவிட்டார். கோலுக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்தது. காற்று இரைகிறது, அணித்தலைவரின் வாய் அசைகிறது, 'கோப்பை' என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அதை மூன்றாம் தரமும் போட்டார்கள்.

"கேட்டியளே, கோப்பை எண்டுதான் சொல்லுறார். கழுவு எண்டது எங்கை?"

"அது காத்துக்கை போட்டுது."

"காத்துக்கை போனதுக்கே ரெட் கார்ட்?"

"அவருக்கு ரெட் குடுக்காட்டி அந்தக் கப் எங்களுக்குத்தான்."

"அந்தக் கப்புக்கு எண்டு என்ர வீட்டிலை கண்ணாடி அலுமாரியே துடைச்சு வைச்சிருந்தனான்."

"நீர் துடைச்சனீரோ? உம்மட மனிசி துடைச்சவா எண்டு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். அணித்தலைவரும் அங்கேதான் இருந்தார். "விடுங்கோ, முடிஞ்ச கதை" என்றார், கதை முடிய விருப்பமில்லாத குரலில். "கப் போனால் போகட்டும். பிள்ளை பிழையா விளங்கிப்போட்டுது. நான் மனசிலை ஒண்டும் வைச்சிருக்கேல்லை."

எனக்கு அப்போதுதான் காதில் பட்டது. இரண்டு வருடமாக என் காதுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது.

"தம்பி, இப்ப என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"மனசிலை ஒண்டும்..."

"அதுக்கு முதல்."

"கப் போனால் போகட்டும் எண்டனான்."

"கப். இஞ்சை இருக்கிற எல்லாரும் கப் எண்டுதான் சொல்லுறம். ஊரிலையும் கப்தான், இஞ்சையும் கப்தான். வெற்றிக் கோப்பை எண்டு நோட்டீசிலை அடிப்பினம். வாயாலை ஆர் சொன்னது? விளையாட்டுக்கு நடுவிலை, கோவத்திலை, உமக்கு மட்டும் நோட்டீசுத் தமிழ் வந்ததோ?"

என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அலுமாரிக்காரர் மட்டும் மெல்ல, "உது ஒரு பொயின்ற்தான்" என்றார்.

அணித்தலைவர் முகம் சிவந்தது. "அப்ப, அண்ணை, நான் பொய் சொல்லுறனோ?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் என் பக்கம் வரவில்லை. இரசிகர்கள் அப்படித் திருந்துகிறவர்கள் இல்லை. கதை உடனே இடம் மாறியது.

"சரி, கோப்பை கழுவச் சொன்னவர் எண்டே வைப்பம். அதுக்கு யெல்லோ காணாதோ?"

"முதல்லை பெனால்ட்டியைக் குடுத்திருந்தால் மனிசன் ஏன் வாய் திறக்கப்போறார்?"

நான் எழும்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, "உங்கட கொலிஜிலை இனி உங்களைச் சேர்க்கமாட்டினம்" என்றாள். சேர்க்காவிட்டால் விடட்டும். நான் படித்த கல்லூரிக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. அந்தக் கடனை என் மகளின் காதைப் பழுதென்று சொல்லி அடைக்க முடியாது.

அடுத்த வாரம் செயலாளர் தொலைபேசி எடுத்தார். இந்த வருட இறுதியாட்டத்துக்கும் மகளையே கேட்கலாம் என்று குழுவில் சிலர் விரும்புகிறார்களாம். "ஒரே ஒரு விசயம், அண்ணை. பிள்ளை ஒரு சின்ன மெசேஜ் போட்டால் காணும். தமிழ் பிழையா விளங்கினது, சொறி எண்டு. அவரும் மாமா முறைதானே."

நானே முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஊதினது நான் இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு இருந்த இடத்திலேயே கைபேசியில் தமிழில் அடித்தாள். என்னிடம் காட்டியபோது செய்தி ஏற்கனவே செயலாளருக்குப் போய்விட்டிருந்தது:

'மாமா சொன்னது எனக்கு விளங்கினது. அதுக்குத்தான் சிவப்பு. இந்த வருசமும் கேட்டால் வருவன். மண்ணிப்பு கேட்க மாட்டன்.'

"நீங்கள் பயப்பிடுறியள்" என்றாள்.

"ஓம், பயப்பிடுறன்."

"பயப்பிட்டுக்கொண்டு வாங்கோ" என்றுவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டாள்.

பின்னேரம் செயலாளர் மறுபடியும் எடுத்தார். குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். கொஞ்சம் இழுத்தார். பிறகு, "ஒண்டு சொன்னால் குறை நினைக்கக்கூடாது, அண்ணை. மன்னிப்புக்கு ரெண்டு சுழி. பிள்ளை மூண்டு சுழி போட்டிருக்கிறா" என்றார்.

"உங்களுக்கு விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

"விளங்கினது."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டேன்.