கரண்ட், தண்ணி உட்பட

அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், மாடி வீட்டுப் பாண்டிசெல்வி படியிறங்கி வந்து கேட்டாள். "அண்ணே, மீட்டரத் திரும்ப மாட்டுவீகளா?"

அவள் அப்படிக் கேட்கக் காரணமே நான்தான்.

அம்மா பெயர் கிருபாபாய். மம்சாபுரத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அப்பா இறந்தபோது எனக்கு நான்கு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இருந்தோம். ஃபேன் அதிகமாக ஓடுகிறது என்று தோன்றினால், வீட்டுக்காரர் பட்டப்பகலில் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அம்மா என் நோட்டை எடுத்து எனக்கு விசிறுவாள். அவரைத் திட்டி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும், தன் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்று ராஜபாளையத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இடம் வாங்கினாள். புகை, தூசி, ஹாரன் சத்தம் என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். முப்பது வருடம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளிடம் அது எடுபடவில்லை. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான் வரைபடம் போட்டேன். ஒன்றில் அவள், மூன்று வாடகைக்கு. சுவரில் நீல பெயின்டில் அவளே எழுதினாள்: 'வீடு வாடகைக்கு. கரண்ட், தண்ணி உட்பட.'

பக்கத்து வீட்டுத் தங்கபாய் அத்தை அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். "ஏட்டி கிருபா, வாடகைக்கு விடுதியா, இங்கயும் சத்துணவு போடுதியா?" அம்மா சிரித்தாள். சுவரை மாற்றவில்லை.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் சாதி கேட்கமாட்டாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று கேட்பாள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவாள். பாண்டிசெல்வி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனிக்குப் போகிறவள். பஸ்ஸைத் தவறவிட்டால் அரைநாள் சம்பளம் போகும். நான்கு வருடத்தில் தண்ணீர் வராமல் ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

நான் மின் பொறியாளன். ஓசூரில் வேலை. நான்கு வீடும் ஒரே மீட்டரில் ஓடுவது எனக்கு உறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முன், அம்மா வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம், வீட்டுக்கு ஒன்றாகச் சப்-மீட்டர் மாட்டினேன். அளவுக்கு மேல் ஓடினால் தனியாகத் தர வேண்டும் என்று குடியிருப்பவர்களிடம் சொன்னேன். அம்மா வந்து பார்த்தாள். பிள்ளை ஆசையாகச் செய்தது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு மாதமும் அவரவர் ரீடிங்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டாம் மாதம் பாண்டிசெல்வி வீட்டில் பாதியாகக் குறைந்திருந்தது. அம்மாவிடம் ஃபோனில் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா, "மேல மிஷின் சத்தம் கேக்கலயேன்னு நெனச்சேன்" என்றாள்.

பாண்டிசெல்வியின் மகள் யுவராணிக்கு வீசிங். ஆவி மருந்து கொடுக்கும் மிஷின் ஒன்று வைத்திருந்தார்கள். ஃபோனை வைத்துவிட்டு அம்மா மேலே போனபோது, பிள்ளை தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. மிஷின் மூடிவைத்தபடி அலமாரி மேல். அம்மாவே இறக்கிப் போட்டாள். மூச்சிரைப்பு தணியவில்லை. எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு நாள் கூடவே இருந்தாள்.

வீடு திரும்பி அவள் ஃபோன் செய்தபோது நான் கணக்குச் சொன்னேன். அந்த மிஷின் பத்து நிமிடம் ஓடுவது, ஃபேன் அரைமணி நேரம் ஓடுவதைவிடக் குறைவு.

"அத அவகிட்டச் சொன்னியாலே?"

சொல்லவில்லை.

"மீட்டரப் பாத்துக்கிட்டே மூச்சு விடட்டுங்கியா?"

அவள் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டாள். அதைப் பற்றிப் பிறகு ஒரு சொல் இல்லை.

இப்போது அந்த நான்கு மீட்டரும் அவள் பீரோவில் இருக்கின்றன. சேலைகளுக்கு அடியில், தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி. நான் வாங்கியது என்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது.

பாண்டிசெல்வி நின்றுகொண்டிருந்தாள். மாட்டமாட்டேன் என்றேன். காலையில் எத்தனை மணி பஸ் என்று கேட்டேன்.

"ஆறே முக்கால், அண்ணே."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு நான் மோட்டார் போட்டேன்.